தமிழகக் கிறித்தவரும் தனித்தொகுதி வினாவும்

முன்னுரை

ஒரு சமயத்தைச் சார்ந்த மக்கள் நாட்டின் அரசியலில் எவ்வாறு ஈடுபடுதல் வேண்டும் என்னும் வினாவிற்கு மறைநூல் விளக்கத்தின் வாயிலாக விடை காண முயல்வோர் உளர். மெய்ப்பொருளியல் வழி நின்று ஆராய்வோரும் உளர். நாம் இக்கட்டுரையில் மேற்கொள்வது வரலாற்று வழி. தமிழகக் கிறித்தவர்க்கு இவ்வினா வெறும் ஏட்டுக் கருத்தாக இருந்ததில்லை. 1919 முதல் 1949 வரை முப்பது ஆண்டுகள், ‘சட்டமன்றத்திற்கு நம்மவரை நாமே தனித்துத் தேர்ந்தெடுப்பதா, அன்றி அனைவரோடும் கூடித் தேர்ந்தெடுப்பதா’ என்னும் நடைமுறை வினாவாகவே அஃது அவர்முன் நின்றது. அதற்குச் சான்றோர் பலர் கூறிய விடைகள் தம்முள் மாறுபட்டன. அவ்விடைகளையும், அவற்றின் விளைவை யார் சுமந்தனர் என்பதையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இங்கு நம் கருத்து.

சொற்பொருள் வேறுபாடு

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். இன்று தமிழில் ‘தனித்தொகுதி’ எனின் அது பட்டியல் இனத்தார்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதியைக் குறிக்கும். அங்கே வேட்பாளர் அவ்வினத்தாராதல் வேண்டுமேயன்றி, வாக்களிப்போர் எல்லாச் சமயத்தாரும் எல்லாச் சாதியாருமே ஆவர். விடுதலைக்கு முன்னர்க் கிறித்தவர் பெற்றிருந்த தனித்தொகுதியோ இதனின் வேறானது. அங்கே வேட்பாளரும் கிறித்தவர், வாக்காளரும் கிறித்தவர். பிறர் வாக்கைக் கேட்க வேண்டிய தேவை வேட்பாளர்க்கு இல்லை. பிறர்க்கு வாக்களிக்கும் வாய்ப்பு வாக்காளர்க்கு இல்லை. ஒரு சொல்லே இருவேறு பொருளில் வழங்குவதால், அக்காலச் செய்திகளைப் பயில்வோர் மயங்குதற்கு இடமுண்டு. எனவே நாம் முன்னதை ‘ஒதுக்கிடம்’ என்றும், பின்னதைத் ‘தனி வாக்காளர் தொகுதி’ என்றும் வழங்குவோம்.

தனி வாக்காளர் தொகுதியின் தோற்றம்

1919 ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தின்வழி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் இந்தியக் கிறித்தவர்க்குத் தனி வாக்காளர் தொகுதி வாயிலாக 5 இடங்கள் கிடைத்தன. 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புத் தீர்ப்பும் 1935 ஆம் ஆண்டின் சட்டமும் இம்முறையை மேலும் விரிவாக்கின. சென்னை மாகாணக் கீழவையின் 215 இடங்களுள் 8 இடங்கள் இந்தியக் கிறித்தவர்க்கு உரியனவாயின. மகளிர்க்கென வகுத்த 8 இடங்களுள்ளும் ஒன்று கிறித்தவப் பெண்ணுக்கு உரியதாயிற்று.

எனினும் இத்தொகுதிகளைக் கிறித்தவ மக்கள் அனைவரின் குரலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத்தில் சொத்தும் கல்வியும் உடையார்க்கே வாக்குரிமை இருந்தது. பிறர் நிலத்தில் உழைத்து வாழ்ந்த கிறித்தவருள் மிகப் பலர்க்குத் தம் சமயத்தார்க்கென அமைந்த தொகுதியிலும் வாக்கு இல்லை. இச்செய்தியைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

பாலும் பன்னீர்செல்வமும்

1930 இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர் சார்பில் அமர்ந்தோர் இருவரும் தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவர் சேலத்திற் பிறந்த கே. டி. பால் (1876–1931), மற்றவர் தஞ்சைப் பகுதியைச் சார்ந்த ஏ. டி. பன்னீர்செல்வம் (1888–1940). முன்னவர் சீர்திருத்தத் திருச்சபையினர்; பின்னவர் கத்தோலிக்கர்.

பால், 1905 இல் தோன்றிய தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவினோருள் ஒருவர். கிறித்தவ இளைஞர் சங்கத்தின் தேசியப் பொதுச் செயலராக அமர்ந்த முதல் இந்தியர். சிற்றூர்ச் சீரமைப்புப் பணியை அச்சங்கத்தின் கடமைகளுள் தலையாயதாக்கியவர். அவர் தனி வாக்காளர் தொகுதியை மறுத்தார். கிறித்தவர் தம் நாட்டு மக்களினின்று பிரிந்து நிற்பராயின், அயலார் ஆட்சியின் நிழலில் வாழ்வோர் என்னும் பழியினின்று நீங்கார் என்பது அவர் போன்றோர் கொண்ட கருத்து. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912 இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் அமர்ந்த வே. ச. அசரியாவும் இதே முடிவினர். தலைகளை எண்ணி இடங்களைப் பகிரும் முறையில் திருமுழுக்கும் வாக்குக் கணக்காகிவிடும். திருச்சபை ஒரு வகுப்புக் கட்சியாகச் சுருங்கிவிடும் என்னும் அச்சம் இம்முடிவின் அடியில் இருந்தது.

பன்னீர்செல்வத்தின் நிலை இதற்கு மாறானது. இரண்டாம் வட்டமேசை மாநாட்டின்போது, 1931 நவம்பரில், ஆகாகான், அம்பேத்கர், ஹென்றி கிட்னி, ஹூபர்ட் கார் ஆகியோருடன் சேர்ந்து சிறுபான்மையோர் உடன்பாட்டில் இந்தியக் கிறித்தவர் சார்பிற் கையொப்பமிட்டவர் அவரே. அம்மாநாட்டில் கிறித்தவர்க்கெனச் சென்ற மற்றொருவராகிய எஸ். கே. தத்தர் அதற்கு உடன்படவில்லை. ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் சிறு தொகையினர் பொதுத் தேர்தலில் ஒருவரையும் வெல்விக்க இயலாது என்பது தனித்தொகுதி வேண்டினோரின் வாதம். சாதி பார்த்து வாக்களிக்கும் நாட்டில் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதற்கு இல்லை.

இவ்விருவர் வாழ்க்கையையும் உடன்வைத்துக் காணும்போது ஒரு புதுமை புலனாகிறது. தனித்தொகுதியை மறுத்த பால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கிறித்தவ நிறுவனங்களின் பணியிலேயே கழித்தார். தனித்தொகுதிக்குக் கையொப்பமிட்ட பன்னீர்செல்வமோ அனைவர்க்கும் பொதுவான அரசியலிலேயே வாழ்ந்தார். அவர் நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர். 1937 இல் அமைந்த இடைக்கால அமைச்சரவையில் அமைச்சர். தொடர்ந்து எழுந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் முன்னின்றோருள் ஒருவர். 1940 மார்ச்சு முதல் நாள், இந்திய அமைச்சரின் ஆலோசகர் பதவி ஏற்க இலண்டன் செல்லும் வழியில், ‘ஹானிபல்’ வானூர்தி ஓமான் வளைகுடாப் பகுதியில் மறைந்தபோது அவரும் மறைந்தார். அவர் இழப்பை வருந்தியோர் கிறித்தவர் மட்டும் அல்லர். எனவே, தொகுதி பற்றிய கொள்கை ஒன்றை மட்டும் கொண்டு, ‘இவர் பிரிவினர், இவர் பொதுமையினர்’ என முத்திரையிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

சட்டமன்றத்திற்கு வெளியே

தொகுதி வினாவிற்குப் புறத்தேயும் இருவர் வழி வகுத்தனர். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா (1892–1960) காந்தியடிகளின் சிற்றூர்ப் பொருளியலைத் தம் வாழ்வாக ஏற்றார். பலமுறை சிறை புகுந்தார். இயேசுவின் போதனை பற்றிய தம் நூலைச் சிறையிலிருந்தே எழுதினார். சென்னையைச் சார்ந்த வி. சக்கரை (1880–1958) கிறித்தவ இறையியலாராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் ஒருங்கே விளங்கினார். 1941 இல் சென்னை மாநகரத் தலைவரானார். இவர்களுக்கு அரசியல் என்பது கிறித்தவர்க்கு எத்துணை இடம் என்னும் கணக்கன்று. உழைப்பார்க்கு என்ன கிடைக்கும் என்னும் வினாவே ஆகும். இவ்வழி வாக்குகளின் எண்ணிக்கையை நம்பி நிற்பதன்று ஆதலின், சிறு தொகையினர்க்கு இது சிறப்பாகப் பொருந்துவது எனலாம்.

அரசியல் நிர்ணய சபையில்

விடுதலையை ஒட்டித் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை ஏற்ற திட்டத்தின்படி, கூட்டு வாக்காளர் முறையுடன் ஒதுக்கிடங்கள் இருத்தல் வேண்டும். மாகாணங்களுள் சென்னையிலும் பம்பாயிலும் கிறித்தவர்க்கு அவை உண்டு. இத்திட்டமும் நிலைக்கவில்லை. 1949 மே 11 ஆம் நாள் வல்லபபாய் பட்டேல் தலைமையில் கூடிய ஆலோசனைக் குழுவில், பட்டியல் இனத்தார்க்கு உரியவை நீங்கலாகப் பிற சிறுபான்மையோர் ஒதுக்கிடங்களை நீக்கலாம் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தவர், வங்கக் கிறித்தவரும் சபையின் துணைத்தலைவருமான எச். சி. முகர்ஜி. அம்மாத இறுதியில் அது சபையின் முன் வந்தபோது, சென்னையிலிருந்து சென்ற உறுப்பினரும் இலயோலாக் கல்லூரியின் முதல்வராக இருந்தவருமான இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அதனை ஆதரித்தார். பாலின் கருத்து அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து வெற்றி பெற்றது.

இடங்களை விட்டுக்கொடுத்த கிறித்தவத் தலைவர்கள் உரிமைகளை விட்டுக்கொடுத்தாரல்லர். சமயத்தைப் பின்பற்றுதலோடு பரப்புதலும் உரிமையே என்னும் சொல் 25 ஆம் உறுப்பில் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அச்சொல்லைக் கடுமையாக எதிர்த்தோர் இருந்தனர். கிறித்தவப் பள்ளியிற் பயின்ற இந்துவாகிய டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதற்கு ஆதரவாகப் பேசினார்; தம் கல்விக்காலத்தில் தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்பதைச் சான்றாகக் காட்டினார். கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை 30 ஆம் உறுப்பில் அமைந்தது. இடத்தினும் உரிமை பெரிது என்னும் தெளிவு இம்முடிவில் உண்டு. அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை.

விடுபட்டோர்

ஆயினும் இப்பெருமையின் விலையை யார் கொடுத்தனர் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. தமிழகக் கிறித்தவருள் பெருந்தொகையினர் தீண்டாமைக் கொடுமைக்கு உட்பட்ட சாதிகளிலிருந்து வந்தோர். சமயம் மாறியும் ஊரின் எல்லையில் அவர்தம் குடியிருப்பு மாறவில்லை. கோயிலின் உள்ளும் கல்லறைத் தோட்டத்தின் உள்ளும் பிரிவினை புகுந்தது. 1936 ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் இனத்தாராகக் கருதப்படார் என வரையறுத்தது. அந்நாளில் இவ்விலக்குக்கு ஈடாகக் காட்டுதற்குக் கிறித்தவர் தொகுதி என ஒன்றேனும் இருந்தது. அதிலும் ஏழையர்க்கு வாக்கில்லை என்பதை மேலே கண்டோம்.

1949 இல் அந்த ஈடும் நீங்கியது, விலக்கோ நீங்கவில்லை. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத் தகுதியைச் சமயத்தோடு பிணைத்தது. 1956 இல் சீக்கியர்க்கும் 1990 இல் பௌத்தர்க்கும் அத்தகுதி விரிவுபெற்றது, கிறித்தவர்க்கு விரிவுபெறவில்லை. சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர் தொடுத்த வழக்கை 1985 இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2007 இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இப்பிணைப்பை அறுக்கப் பரிந்துரைத்தது. 2022 இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இவ்வாறு, பொதுத்தொகுதியை ஏற்ற தியாகம் எல்லார் பெயராலும் செய்யப்பட்டது. அதன் சுமை எல்லார்மீதும் ஒப்ப விழவில்லை. கல்லூரியும் பதவியும் பெற்றிருந்த கிறித்தவர் இழந்தது சில இடங்களே. வயலில் உழைத்த கிறித்தவரோ, கிறித்தவர் என்னும் முறையில் ஒதுக்கிடம் பெறவில்லை. ஒடுக்கப்பட்டோர் என்னும் முறையிலும் பெறவில்லை. 1950 ஆணை அரசின் செயலேயன்றிக் கிறித்தவத் தலைவரின் செயலன்று என்பது உண்மை. எனினும் ஒதுக்கிடத்தை விடும்போதே, தம்முள் ஒடுக்கப்பட்டோரின் நிலையை முதல் நிபந்தனையாக வைத்திருத்தல் அத்தலைவர்க்குரிய கடமை என்று கருதுகிறோம்.

பொதுத்தொகுதி பயனற்றுப் போயிற்று என்பது இதன் பொருளன்று. 1957 இல் குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன் காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையும் மீன்வளத் துறையும் ஏற்றார். அது கிறித்தவர் செறிந்து வாழும் கடற்கரை. சிதறி வாழும் உழவுத் தொழிலாளர்க்கு அத்தகைய வாய்ப்பு எளிதன்று. வகுப்புரிமை வினாவும் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. 2007 இல் தமிழக அரசு கிறித்தவர்க்கெனக் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது. மறு ஆண்டே, அதனால் நன்மையினும் இழப்பே மிகும் எனக் கண்டு, கிறித்தவர் தாமே வேண்ட, அது திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோரின் பொதுப் பட்டியலில் இருத்தலே நலம் என அவர் முடிவு செய்தமை, முப்பது ஆண்டு வாதத்தின் எதிரொலி போல் தோன்றுகிறது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். தனித்து நிற்றலும் கூடி நிற்றலும் சூழலுக்கு ஏற்ற வழிகளே. அவற்றுள் ஒன்றே சமயத்தின் கட்டளை எனக் கூறுதற்கு இவ்வரலாறு இடந்தரவில்லை என்பது ஒன்று. இடங்களினும் உரிமைகளே நெடுங்காலம் நிலைத்துப் பயன் தந்தன என்பது மற்றொன்று. ஒரு சமயத்தார் தம் பொது நலத்தைப் பேசும்போது, அப்பொதுவினுள் அடங்கிய எளியோரை மறப்பராயின் அவ்வரசியல் குறையுடையதே என்பது மூன்றாவது. பாலும் பன்னீர்செல்வமும் வாதிட்டது கிறித்தவர்க்கும் பிறர்க்கும் இடையிலுள்ள உறவு பற்றி. கிறித்தவர்க்கும் கிறித்தவர்க்கும் இடையிலுள்ள உறவு பற்றிய வாதம் அன்று போதிய அளவு நிகழவில்லை. அஃது இன்று நீதிமன்றத்திலும் ஆணையங்களின் முன்னும் நிகழ்கிறது. திருச்சபைகளின் உள்ளும் நிகழ்தல் வேண்டும்.