பூச்சிக்கொல்லி நச்சேற்றத்தில் மதுவின் விளைவு

பூச்சிக்கொல்லி நச்சேற்றத்தில் மதுவின் விளைவு என்பது, பூச்சிக்கொல்லியை உட்கொண்ட ஒருவர் மதுவும் அருந்தியிருந்தால் அவரது நோயின் போக்கும் பிழைக்கும் வாய்ப்பும் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் குறிக்கும். தெற்காசிய நாட்டுப்புற மருத்துவமனைகளுக்கு இவ்வாறு கொண்டுவரப்படும் ஆண்களுள் பலர் மது அருந்திய நிலையில் இருக்கின்றனர். மதுவே இறப்பைக் கூட்டுகிறதா, மது மயக்கத்தில் உட்கொள்ளப்படும் நஞ்சின் அளவு கூட்டுகிறதா என்பது இத்துறையின் முதன்மையான கேள்வி ஆகும்.

நஞ்சு செயற்படும் முறை

கரிம பாசுபரசுப் பூச்சிக்கொல்லிகள் அசிட்டைல்கோலினெசுட்டரேசு என்னும் நொதியை முடக்குகின்றன. இதனால் நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்குகிறது. கண்மணி சுருங்குதல், மிகுந்த வியர்வை, நுரையீரலில் நீர் சுரத்தல், இதயத்துடிப்பு குறைதல், வலிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். பெரும்பாலான இறப்புகளுக்குச் சுவாசம் நின்றுபோவதே காரணமாகும்.

மதுவின் நேரடி விளைவுகள்

மதுவில் உள்ள எத்தனால் நடு நரம்பு மண்டலத்தின் செயற்பாட்டைத் தாழ்த்துகிறது. ஆகவே நஞ்சால் ஏற்கனவே நலிந்த சுவாசம் மேலும் நலிவடையக் கூடும். நினைவு மங்கியவர் வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழலுக்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். எத்தனால், கல்லீரல் புதிதாகக் குளுக்கோசை உருவாக்குவதைத் தடுப்பதால் குருதிச் சர்க்கரையும் குறையக் கூடும்.

இலங்கை ஆய்வு

டைமெத்தோயேட்டு என்னும் பூச்சிக்கொல்லியை உட்கொண்ட நோயாளிகளிடம் இலங்கையில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2009 ஆம் ஆண்டில் வெளியானது. மருத்துவமனையில் சேர்ந்தபோது குருதியில் இருந்த எத்தனாலின் அளவும் டைமெத்தோயேட்டின் அளவும் அதில் ஒப்பிடப்பட்டன. மது அருந்தியோரிடம் நஞ்சின் அளவும் இறப்பும் கூடுதலாக இருந்தன. ஆனால் நஞ்சின் அளவைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது, மதுவுக்கெனத் தனியான விளைவு புலப்படவில்லை. அதாவது, மது அருந்தியோர் கூடுதல் நஞ்சை உட்கொண்டதே இறப்பு மிகுந்ததற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதினர். இம்முடிவு ஒரே ஒரு பூச்சிக்கொல்லியைப் பற்றியது. ஆகவே அனைத்துப் பூச்சிக்கொல்லிகளுக்கும் இதை அப்படியே பொருத்த இயலாது.

சிகிச்சையில் எழும் சிக்கல்கள்

* நோயாளியின் நினைவு மங்கியிருப்பதற்கு நஞ்சு காரணமா, மது காரணமா என்று பிரித்தறிவது கடினம். வெறும் மதுமயக்கம் எனக் கருதி விட்டுவிட்டால் சிகிச்சை தாமதமாகும்.
* மாற்று மருந்தாகிய அட்ரோப்பின் அளவு மிஞ்சினால் பிதற்றலும் வேகமான இதயத்துடிப்பும் தோன்றும். நாள்தோறும் மது அருந்தியவருக்கு அது திடீரென நின்றுவிட்டாலும் ஓரிரு நாட்களில் இதே குறிகள் தோன்றும். அட்ரோப்பின் மிகையில் தோல் உலர்ந்திருக்கும். மது நிறுத்தத்தில் வியர்வையும் கைநடுக்கமும் காணப்படும். ஆனால் நச்சேற்றத்திலும் வியர்வை உண்டு என்பதால், ஒரே குறியைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

எனவே நோயாளி மது அருந்தியிருந்தாரா, வழக்கமாக அருந்துபவரா என்ற இரண்டையும் உறவினர்கள் மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவிப்பது உயிர்காக்கும் செய்தியாகும். வீட்டில் வாந்தி எடுக்கச் செய்தல் தீங்கானது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தடுப்பு

நஞ்சை உட்கொள்ளும் முடிவு பெரும்பாலும் கணநேர உணர்ச்சியில் எடுக்கப்படுகிறது. மது அந்நேரத்தில் தயக்கத்தைக் குறைக்கிறது. அந்தக் கணத்தில் கைக்கெட்டும் பொருள் எத்துணை நச்சுத்தன்மை கொண்டது என்பதே பிழைப்பதையும் இறப்பதையும் பெரிதும் தீர்மானிக்கிறது. இலங்கை 1995 ஆம் ஆண்டில் மிகக் கொடிய வகைப் பூச்சிக்கொல்லிகளையும், 1998 இல் எண்டோசல்பானையும், 2008 முதல் 2011 வரை படிப்படியாக டைமெத்தோயேட்டு, பென்தியோன், பாராகுவாட்டு ஆகியவற்றையும் விலக்கியது. 1995 க்கும் 2015 க்கும் இடையில் அந்நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மதுப் பழக்கத்துக்கான சிகிச்சையும் இத்தடைகளுடன் சேர்ந்தே தடுப்புப் பணியாகக் கருதப்படுகிறது.

மன நெருக்கடியில் இருப்போர் இந்தியாவில் 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

இவற்றையும் பார்க்க

* கரிம பாசுபரசுச் சேர்மங்கள்
* அட்ரோப்பின்
* தற்கொலைத் தடுப்பு