முதல் பங்கு: கொமரலிங்கம் ராஜவாய்க்காலும் அமராவதிக் கரையின் நீருரிமையும்

கொங்குநாட்டு ஊர்களின் வரலாற்றைக் கோயில் கல்வெட்டிலிருந்து தொடங்குவது ஆய்வாளர் வழக்கம். அமராவதிக் கரையில் அதற்குப் பஞ்சமும் இல்லை. கொழுமம், சோழமாதேவி, கடத்தூர் கோயில்களில் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்நிலப்பகுதி கரைவழி நாடு என்று பெயர் பெற்றிருந்தது. ஆனால் கல்வெட்டு பெரும்பாலும் கொடுத்தவரையே பேசும்: நிலம் விட்டவர், விளக்கெரிக்கப் பொருள் வைத்தவர். வயலில் நின்றவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு தடயம் வேண்டும். மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள கொமரலிங்கத்துக்கு அப்படியொரு தடயம் அதன் ராஜவாய்க்கால். ஆட்சிகள் மாறியபோதும் அந்த வாய்க்காலின் உரிமை எப்படித் தொடர்ந்தது, அந்த உரிமை யாரைச் சேர்ந்தது, யாரைச் சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சங்க இலக்கியம் ஆன்பொருநை என்று அறிந்த ஆறு ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடையே இறங்கி, கரூர் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியைச் சேர்கிறது. மலையடிவாரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான கல் அணைக்கட்டுகளை அமைத்து, பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டி நஞ்சைக்குத் தண்ணீர் திருப்பினார்கள். கல்லாபுரம், ராமகுளம், கொமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என எட்டு ராஜவாய்க்கால்கள். இந்த அணைக்கட்டுகள் நீரைத் தேக்குவதில்லை. ஆற்றின் மட்டத்தைச் சிறிது உயர்த்தி வாய்க்காலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தங்கள் தலைமேல் கீழூருக்கு அனுப்பிவிடும். இங்கே ‘எவ்வளவு’ என்பதைவிட ‘யாருக்கு முன்’ என்ற கேள்விக்கே மதிப்பு அதிகம்.

இதே போன்ற கேள்விகளைத் தீர்க்க ஸ்பெயினின் வலென்சியாவில் துரியா ஆற்றுப் பாசனத்தாரின் நீர் நீதிமன்றம் இன்றும் வியாழன்தோறும் பேராலய வாசலில் கூடுகிறது. வாய்க்கால்காரர்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் அமர்ந்து வாய்மொழியாகவே தீர்ப்புச் சொல்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாக அறிவித்தது. நம் எட்டு வாய்க்கால்களின் வழக்காறு அப்படி யாருடைய கண்ணிலும் படவில்லை.

1799இல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ரயத்வாரி முறை வயல்வயலாகத் தீர்வை கட்டியபோது, ஆற்றுப் பாசனம் பெற்ற நஞ்சைக்குப் புஞ்சையைவிடக் கூடுதல் விகிதம். தீர்வை கனத்தாலும், நஞ்சை என்று கணக்கில் ஏறிய வயலுக்குத் தண்ணீர் விடுவது சர்க்காரின் கடமையாயிற்று. அதுவரை ஊர் வழக்கத்தில் இருந்த உரிமை இப்படித்தான் தாளில் ஏறியது. தூர் வாரும் வேலையையும் அரசு தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது: 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் பழைய குடிமராமத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. மண் சுமந்தவர் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

பெரிய மாற்றம் 1957இல் வந்தது. 90 அடி நீர்மட்டமும் ஏறத்தாழ 4 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட அமராவதி அணை, வெள்ளத்தின் விருப்பப்படி ஓடிய ஆற்றை அரசாணையின்படி ஓட வைத்தது. அணையிலிருந்து புறப்பட்ட புதிய பிரதானக் கால்வாய் 25,250 ஏக்கரைப் பாசனத்துக்குக் கொண்டுவந்தது. பழைய ஆயக்கட்டு 29,387 ஏக்கர். அதில் எட்டு ராஜவாய்க்கால்களுக்கு 7,520 ஏக்கரும், அலங்கியத்திலிருந்து கரூர் வரையுள்ள வாய்க்கால்களுக்கு 21,867 ஏக்கரும் அடங்கும். பழையதும் புதியதும் சேர்ந்த மொத்தப் பரப்பளவில் ராஜவாய்க்கால்கள் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பழையவர்களுக்குத்தான் முன்னுரிமை. அணை அந்த உரிமையை அழிக்கவில்லை, இன்னும் உறுதியாக்கியது என்பதே என் முடிவு. தேக்கம் இல்லாத காலத்தில் முன்னுரிமை மழையைப் பொறுத்தது. தேங்கிய பிறகு அது மேலூர் விவசாயி கேட்டுப் பெறக்கூடிய பொருளாயிற்று.

சில மைல் மேற்கே போனால் இதன் அருமை தெரியும். அங்கே திருமூர்த்தி அணை வழியே பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம். 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்திருப்பதால் ஒரு வயலுக்குச் சுற்று வர இரண்டு ஆண்டு ஆகிறது. கொமரலிங்கத்தில் நெல்லும் கரும்பும் நின்ற வயல்களுக்கும் அங்குள்ள மக்காச்சோளக் காடுகளுக்கும் இடையே மண்ணின் வேறுபாட்டைவிட முறையின் வேறுபாடே பெரிது.

இந்த நம்பகமான நீரின் மேல்தான் கரும்பு வளர்ந்தது. தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மடத்துக்குளத்தை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் 1960இல் தொடங்கியதற்கு அமராவதிப் பாசனமே அடிப்படை. எந்திரங்கள் பழசாகி, அண்மை ஆண்டுகளில் அங்கே அரவை தடைப்பட்டது. கரும்பு விட்ட இடத்தைத் தென்னை பிடிக்கிறது. வெட்டுக்கூலிக்கு ஆள் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம். கறிக்கோழிப் பண்ணையும் இந்த வட்டாரத்துக் காட்சிதான். 1980களில் உடுமலையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் பரப்பிய ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, விவசாயிக்கு வளர்ப்புக்கூலி. சொந்தத் தோட்டத்திலேயே கூலி வாங்குகிற நில உடைமையாளர் என்பது கரைவழிக்குப் புதுசு.

மேலே இன்னொரு எல்லையும் இருக்கிறது. ஆற்றின் நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி கேரளத்தின் மறையூர், காந்தளூர்ப் பக்கம். காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. அமராவதியின் கிளையாறான பாம்பாற்றுக்கானது; அதன்பேரில் பட்டிசேரியில் அணை கட்டும் பணி தொடங்கியபோது அமராவதி விவசாயிகள் எதிர்த்தார்கள். பிரதானக் கால்வாயிடமும் கரூரிடமும் காட்ட முடிந்த பழைய உரிமையை மாநில எல்லைக்கு அப்பால் காட்ட வழியில்லை.

நீருரிமை எப்போதும் நிலத்தோடு ஒட்டியது. நாற்று நட்டவரோடு அல்ல. நஞ்சை ஊரில் நிலமற்ற உழைப்பாளிகள், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், முதல் பங்கின் பலனைக் கூலியாக மட்டுமே கண்டார்கள். திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து 2004இல் நூல் எழுதிய சரத் சாரி, அதன் முதலாளிகள் பலர் சுற்றுவட்டாரக் கவுண்டர் விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாக நுழைந்து உயர்ந்ததைக் காட்டினார். கிணற்றை நம்பிய வறண்ட காடு ஆட்களைத் தள்ளிய வேகத்தில் வாய்க்கால் ஊர் தள்ளியிருக்காது என்று நினைக்கிறேன். உடைமைக்காரருக்கு இங்கேயே இருக்கக் காரணம் இருந்தது. கரைவழியிலிருந்து போகத் துடித்தவர்கள் நிலமில்லாதவர்கள். நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் அவர்களின் பிள்ளைகள் போனபின் நடவுக்கூலி ஏறியது, நெல் சுருங்கியது.

2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது மடத்துக்குளம் தனி வட்டமாகி, கொமரலிங்கம் அதில் சேர்ந்தது. தோற்றத்தில் விவசாய ஊர், நிர்வாகத்தில் பேரூராட்சி. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே பொருந்தியதால், பக்கத்து ஊராட்சிகளில் கிடைத்த 100 நாள் வேலை இங்குள்ள கூலிக் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை.