1 லிட்டர் தேன் = 1 கிலோ இல்லை! அப்போ எவ்வளவு? தேன் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளி பக்கம் கடைக்குப் போனால் பாட்டில் தேனில் ‘500 கிராம்’ என்று இருக்கும். ஊரிலிருந்து மலைத்தேன் கொண்டு வருபவரோ ‘லிட்டர் 700 ரூபாய்’ என்பார். இரண்டில் எது லாபம்?

லிட்டரும் கிலோவும் ஏன் ஒன்றல்ல?

1 லிட்டர் தண்ணீரின் எடை சுமார் 1 கிலோ. தேனில் பெரும்பகுதி சர்க்கரைச் சத்து என்பதால் அடர்த்தி அதிகம். 1 மில்லி தேன் சராசரியாக 1.42 கிராம் இருக்கும். ஈரப்பதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

கணக்கு எப்படி?

மில்லியைக் கிராமாக்க 1.42-ஆல் பெருக்க வேண்டும். கிராமை மில்லியாக்க 1.42-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்!

- 1 டீஸ்பூன் (5 மில்லி) – 7 கிராம்
- 1 டேபிள்ஸ்பூன் (15 மில்லி) – 21 கிராம்
- 1 கப் (240 மில்லி) – 340 கிராம்
- 1 லிட்டர் – 1 கிலோ 420 கிராம்
- 500 கிராம் – 352 மில்லி
- 1 கிலோ – 704 மில்லி

பணம் எங்கே போகுது?

உதாரணத்துக்கு, கடையில் கிலோ 550 ரூபாய், மலைத்தேன் லிட்டர் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 700-ஐ 1.42-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 493 ரூபாய்தான். ஆக, விலை அதிகம்னு தோணுற மலைத்தேன்தான் மலிவு.

ஆனால், லிட்டர் விலையை வாங்கிக்கொண்டு தராசில் 1 கிலோ நிறுத்துக் கொடுத்தால் உங்களுக்கு 420 கிராம் நஷ்டம். அதாவது 207 ரூபாய் போச்சு!

அதேபோல, 1 கிலோ தேன் வாங்கினால் லிட்டர் பாட்டில் நிறையாது. முக்கால் பாட்டிலுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அளவு குறைஞ்சிடுச்சுன்னு கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பாக்கெட் தேனுக்கு என்ன விதி?

2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, தேனின் அளவை எடையில்தான் குறிப்பிட வேண்டும். எனவே பாட்டிலின் உயரத்தைப் பார்க்காமல் லேபிளில் உள்ள கிராமைப் பாருங்கள்.

தண்ணி கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு முடியும். 100 மில்லி தேனை அளந்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். சுமார் 140 கிராம் வர வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி 27 டிகிரி செல்சியஸில் தேனின் ஒப்படர்த்தி குறைந்தது 1.35 இருக்க வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 135 கிராமுக்கும் கீழே வந்தால், நுரை, காற்றுக்குமிழி இல்லாமல் மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் குறைந்தால் தண்ணீர் அதிகம் என்று சந்தேகப்படலாம்.

ஆனால் கெட்டியான சர்க்கரைப் பாகு கலந்திருந்தால் தராசு காட்டிக் கொடுக்காது. பாகும் கிட்டத்தட்ட அதே எடைதான். அதற்கு ஆய்வகப் பரிசோதனை மட்டுமே வழி.