கல்லூரி உதவித்தொகை: பணம் வந்த வழி

1913இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் தந்த உதவித்தொகையில்தான் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்றாண்டுக்கு. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தவர், உதவித்தொகைக் காலம் முடிந்துபோனதால் மறு ஆண்டே படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மீண்டும் கப்பலேற அவருக்கு 1920 வரை ஆனது. அதற்கும் கையிருப்பு, கடன், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி எல்லாம் சேர வேண்டியிருந்தது.

உதவித்தொகையின் வரலாற்றை எழுதுபவர்கள் தொகை எப்படி உயர்ந்தது, பயனாளிகள் எப்படிப் பெருகினார்கள் என்றே பார்க்கிறார்கள். அந்தப் பணம் யார் கஜானாவிலிருந்து, யார் கை வழியாக, எந்த மாதத்தில் வந்தது என்று பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் திட்டம், இதற்கு நல்ல உதாரணம்.

1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் அம்பேத்கர். அதே ஆண்டு அக்டோபரில் ஒடுக்கப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு கொடுத்தார். அதில் கல்வி பற்றிய பகுதி இன்றைக்கும் வியப்பைத் தரும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் தம் மக்களுக்குப் பெரிதாக உதவாது, உயர்நிலை அறிவியலும் தொழில்நுட்பமும்தான் உதவும் என்று வாதிடுகிறார். சட்டம் படித்தே மேலே வந்த ஒருவர் இதைச் சொல்கிறார்! இந்தியப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க ஆண்டுக்கு 2 லட்சமும், வெளிநாட்டுப் படிப்புக்கு 1 லட்சமும் கேட்டார். அவர் கேட்டது டெல்லியிடம். ஆகவே இந்தச் செலவு மத்திய அரசின் பொறுப்பு என்ற கொள்கை அந்தக் கோரிக்கையிலேயே இருந்தது.

1944இல் போஸ்ட்மெட்ரிக் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், முதலில் ஐந்தாண்டுக்கு. 1948-49இல் பழங்குடி மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஒதுக்கிய பணத்துக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதாக இருந்த உதவி, காலப்போக்கில் வருமான வரம்புக்குள் வரும் எல்லோருக்கும் உரிய உரிமையாக மாறியது. இந்த ஒரு மாற்றத்தில்தான் திட்டத்தின் பெருமையும் பின்னால் வந்த சிக்கலும் அடங்கியிருக்கின்றன. தேர்வாகிறவருக்குத் தரும் பரிசு என்றால் செலவுக்கு ஒரு எல்லை உண்டு. உரிமை என்று ஆகிவிட்டால், எத்தனை பேர் கல்லூரிக்கு வருகிறார்களோ அத்தனை பேருக்கும் கொடுத்தாக வேண்டும்.

1959-60இல் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு விசித்திரமான கணக்கு உருவானது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் மாநிலம் எவ்வளவு செலவழித்ததோ, அந்தத் தொகை அடுத்த ஐந்தாண்டுகளுக்கும் மாநிலத்தின் பொறுப்பாகிவிடும். அதற்கு மேல் ஆகும் செலவை மட்டும் டெல்லி முழுதாகத் தரும். காகிதத்தில் இது நியாயமாகத்தான் தெரியும். நடைமுறையிலோ, அதிக மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பிய மாநிலத்தின் தலையில்தான் அதிக பாரம் விழுந்தது.

தமிழ்நாடு அந்தக் கணக்கில் நேராகச் சிக்கியது. 2012 செப்டம்பரில் ஆதிதிராவிடர் நலத்துறை வெளியிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. அதுவரை பொறியியல் படிப்பை நினைத்தும் பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். செலவு மளமளவென்று ஏறியது. 2017 மார்ச்சில் பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, மாநிலம் தானே ஏற்க வேண்டிய ஆண்டுத் தொகை சுமார் 350 கோடியிலிருந்து 1,500 கோடிக்கும் மேலாகத் தாவியது. ஐந்தாண்டுத் திட்டங்களே அத்துடன் முடிந்துபோயின. ஆனால் கணக்கு மட்டும் ஒழியவில்லை. மாநிலங்கள் நிலுவை கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதின, கல்லூரிகள் நிலுவை கேட்டு மாநிலத்துக்கு எழுதின. நடுவில் “ஸ்காலர்ஷிப் இன்னும் வரலை” என்பது வகுப்பறைகளில் வழக்கமான பேச்சானது.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அந்தக் கணக்கைக் கைவிட்டது. மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று வகுத்து, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. இதில் மத்தியப் பங்கு 35,534 கோடி. மாநிலம் முதலில் தன் பங்கைப் போட வேண்டும், பிறகு மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். கட்டணத் தொகையும் அதே கணக்குக்கு வருவதால், அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டியவர் மாணவர்தான். இடைத்தரகும் போலிப் பட்டியலும் குறையும் என்ற நோக்கம் சரியானதே. ஆனால் முன்பு கல்லூரி நிர்வாகத்துக்கும் அரசுக்கும் இடையே கிடந்த நிலுவை, இப்போது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பெயரில் நிற்கிறது. சேரும்போது முன்பணம் வாங்கக்கூடாது என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அலுவலக ஜன்னலில் நிற்கும் பிள்ளைக்கு வழிகாட்டுதலைக் காட்டி வாதாடும் தெம்பு எங்கிருந்து வரும்? சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் பணம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும்.

தொகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2010 விதிப்படி, வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துபோகும் பி.ஏ., பி.எஸ்ஸி. மாணவருக்குப் பராமரிப்புப் படி மாதம் 300 ரூபாய். கல்வியாண்டைப் பத்து மாதம் என்று வைத்தால் 3,000. 2021இல் திருத்தப்பட்ட விதியில் அதே மாணவருக்கு ஆண்டுக்கு 3,000. பதினோரு ஆண்டுகளில் பஸ் கட்டணமும் நோட்டுப் புத்தக விலையும் எங்கேயோ போயிருக்கும்போது இதைத் திருத்தம் என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் 2022 செப்டம்பர் 5இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவித் திட்டமே கல்வி உதவியாக உருமாறியது. தொடங்கியபோது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். வருமான வரம்பு கிடையாது. 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. கல்லூரிக் கட்டணத்தோடு இந்த ஆயிரத்தை ஒப்பிட்டுச் சிறிது என்பவர்கள் உண்டு. கட்டணத்துக்காகத் தரப்படும் பணம் இல்லை இது. கல்லூரியின் ரசீதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பஸ்ஸுக்கோ, சாப்பாட்டுக்கோ, ரீசார்ஜுக்கோ அந்தப் பெண் கணக்குக் காட்டாமல் செலவழிக்கலாம், ஆண்டு முடியும்வரை காத்திராமல்.