வெட்டுத் துணியின் விலை

அடக்கவிலைக் கணக்கியலில் 'ஸ்கிராப்' என்று ஒரு தலைப்பு உண்டு. உற்பத்தியில் மிஞ்சும் துண்டு துணுக்குகளுக்கு ஏதோ ஒரு சொற்ப மதிப்பைப் போட்டு, அதைச் செலவில் கழித்துவிடுவார்கள். அதோடு அதை மறந்துவிடலாம். ஆனால் அப்படி மிஞ்சிய துணி ஒன்று அருங்காட்சியகம் வரை போயிருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். மூன்று பக்கமும் அலபாமா ஆறு. 1816-இல் ஜோசப் கீ என்பவர் இங்கே அடிமைகளைக் கொண்டு பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845-இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அதே நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். இன்றும் அந்த ஊரில் பலரது குடும்பப் பெயர் பெட்வேதான்.

1932-இல் அவர்களுக்குக் கடன் கொடுத்த வியாபாரியின் குடும்பம், பாக்கிக்காகக் கால்நடை, ஏர், தானியம் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த வறுமையில் பெண்கள் கிழிந்த உடுப்புகளையும் சாக்குத் துணிகளையும் ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்தார்கள். குளிர் தாங்க வேண்டுமே! கணவரை இழந்த மிசௌரி பெட்வே, அவர் வயலுக்கு உடுத்திய பழைய துணிகளைக் கொண்டே 1942-இல் ஒரு போர்வை தைத்துக்கொண்டார்.

பிறகு வாக்குரிமைப் போராட்டம் வந்தது. ஆற்றைக் கடந்து வாக்காளராகப் பதியப் போனவர்களுக்கு 1962-இல் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. பதிந்ததற்காகக் குத்தகை நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களும் உண்டு. 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' என்ற தையல் கூட்டுறவைத் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. கூட்டுறவு நிலம் வாங்கி, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மனைகளாக விற்றது.

1972-இல் சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து பெரிய ஆர்டர் கிடைத்தது. கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்க வேண்டும். ஒரே அளவு, ஒரே தையல்; ஓர் உறைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. கூலி வந்தது. அந்த ஊருக்கு அது சின்ன விஷயமல்ல. வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய் துண்டுகளோ வீடுகளுக்குப் போயின. அங்கே அளவு சொல்ல யாரும் இல்லை. அவரவர் கண்ணுக்குப் பிடித்தபடி வெட்டி, கோணலும் நேருமாக இணைத்துப் போர்வைகள் ஆக்கினார்கள்.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் தொங்கின. கார்டுராய் போர்வைகளும் அவற்றில் இருந்தன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை 10 தபால்தலைகள் வெளியிட்டது. நிறுத்தப்பட்ட படகு 44 ஆண்டுகள் கழித்துத் திரும்பியதும் அதே 2006-இல்தான்.

புகழ் வந்ததும் பணக் கேள்வியும் வந்தது. தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 2007-இல் சில பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2008-இல் அது சமரசத்தில் முடிந்தது. கூட்டுறவு 2012-இல் மூடப்பட்டது.

தலையணை உறைக்குக் கூலி எவ்வளவு என்பது தைப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. வெட்டுத் துணிக்கு அப்படி யாரும் விலை வைக்கவில்லை. அதனால்தான் அதில் அந்தப் பெண்கள் தங்கள் இஷ்டப்படி தைக்க முடிந்தது. ஆனால் அதற்கும் ஒரு நாள் விலை வந்தபோது, அதில் தங்கள் பங்கைக் கேட்க அவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.