காட்டாமணக்கு டீசல்: அரசாங்கம் போட்ட கணக்கு

பெட்ரோல் பங்க்ல இன்னைக்கு நாம போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அதனால மைலேஜ் குறையுதா, இன்ஜின் கெடுதான்னு தினமும் சண்டை நடக்குது. ஆனா அதே 20 சதவீதம் ஒரு காலத்துல டீசலுக்கும் இலக்கா இருந்தது. முதல்ல 2011-12க்குள்ளன்னாங்க, அப்புறம் 2017க்குள்ளன்னாங்க. அந்த வருஷங்கள் வந்தப்போ கலப்பு 1 சதவீதத்தைக்கூட எட்டல. அது ஏன்னுதான் இந்த எபிசோடு.

2002 டிசம்பர் 31. டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் போற சதாப்தி எக்ஸ்பிரஸ்ல 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தாங்க. ரயில் நல்லாவே ஓடியது. நாலு மாசம் கழிச்சு, 2003 ஏப்ரல்ல, திட்டக்குழு அமைச்ச உயிரி எரிபொருள் குழுவோட அறிக்கை வந்தது. கதாநாயகன் காட்டாமணக்கு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேலியில நிக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. காம்பை உடைச்சா வர்ற பால்ல பசங்க குமிழி ஊதுவாங்க. விதையில மூணுல ஒரு பங்கு எண்ணெய். மனுஷங்க சாப்பிட முடியாத எண்ணெய்ங்கிறதால சமையலறையோட போட்டி இல்ல. தரிசு நிலத்துல வளரும், தண்ணி அதிகம் கேக்காதுன்னு அறிக்கை சொன்னது. 2005 சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் உரையில குடியரசுத் தலைவர் அப்துல் கலாமே காட்டாமணக்கைப் பத்திப் பேசினார்.

அறிக்கையோட கணக்கைப் பாருங்க. ஒரு ஹெக்டேருக்கு 2,500 செடி. செடிக்கு ஒன்றரை கிலோ விதை. ஆக 3,750 கிலோ விதை, அதிலிருந்து சுமார் 1.2 டன் எண்ணெய். 20 சதவீதக் கலப்புக்கு நாடு முழுக்க 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் நட்டா போதும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல முதல் வரிசையில நம்பரைப் போட்டு கீழ வரைக்கும் இழுத்து விட்டா எப்படி வருமோ, அப்படி ஒரு கணக்கு. பெருக்கல்ல தப்பே இல்ல. அந்த ஒன்றரை கிலோதான் கேள்வி. காட்டாமணக்கு அதுவரைக்கும் பயிரா வளர்க்கப்பட்ட செடியே இல்ல, வேலிச்செடி. நல்ல ரகம்னு தேர்ந்தெடுத்த விதை கிடையாது. மானாவாரி நிலத்துல எத்தனை கிலோ காய்க்கும்னு பெரிய அளவுல யாரும் பல வருஷம் அளந்து பார்க்கல.

அடுத்து விலை. பயோடீசல் கொள்முதல் கொள்கை 2006 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அரசு எண்ணெய் நிறுவனங்கள் 12 மாநிலங்கள்ல 20 மையங்கள் வழியா லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும்னு அறிவிச்சாங்க. ஆனா ஒரு லிட்டருக்கு மூணு கிலோவுக்கு மேல விதை வேணும். காய் எல்லாம் ஒரே நேரத்துல பழுக்காது. அதனால பல தடவை கையாலதான் பறிக்கணும். அதுக்குக் கூலி, ஆட்ட, சுத்திகரிக்க, லாரி ஏத்த செலவு. எல்லாம் சேர்த்தா உற்பத்திச் செலவு 25 ரூபாயைத் தாண்டிடும். கலால் வரி விலக்கு இருந்தும் கட்டுப்படியாகல.

விலையை ஏத்தியிருக்கலாமே? அங்கதான் இன்னொரு அரசுக் கொள்கை குறுக்க நிக்குது. அப்போ டீசல் விலையே அரசு கட்டுப்பாட்டுல இருந்தது. 2014 அக்டோபர்லதான் அதைச் சந்தைக்கு விட்டாங்க. ஒரு கையால டீசலை மலிவா வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால அதுக்குப் போட்டியா ஒரு எரிபொருளை வளர்க்கப் பார்த்தாங்க. ரெண்டுமே மக்கள் நலன் பேர்லதான்.

இதுல யாரோட காசு போச்சு? எண்ணெய் நிறுவனத்துக்கு நஷ்டம் இல்ல, வாங்கினாதானே செலவு. காட்டாமணக்கு காய்ப்புக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் காத்திருந்தது விவசாயி. தமிழ்நாட்டுலயும் வரிச் சலுகை, நாற்றுக்கு மானியம், கூட்டுறவுக் கடன்னு கொடுத்து நடச் சொன்னாங்க. பெரே அரிசா-மொன்டோபியோ, சரச்சந்திர லேலே ரெண்டு பேரும் கோவை, திருவண்ணாமலை மாவட்டங்கள்ல செஞ்ச ஆய்வு 2010ல வந்தது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு, சாகுபடி கட்டுப்படியாகல, தண்ணி வசதி உள்ளவங்களுக்குத்தான் கொஞ்சமாவது வாய்ப்புன்னு அது சொன்னது. நட்டதும் தரிசுல மட்டும் இல்ல, விவசாயிகளோட சொந்தப் பட்டா நிலத்துலயும். வேர்க்கடலை போட்டிருந்தா கடலையும் கிடைச்சிருக்கும், மாட்டுக்குக் கொடியும் கிடைச்சிருக்கும். காட்டாமணக்கை மாடு தொடாது. நிறைய பேர் செடியைப் பிடுங்கிப் போட்டாங்க.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது 'தரிசு'ங்கிற சொல். விருதுநகர் மாவட்டம் சாத்தூர்ப் பக்கம் ஜெனிஃபர் பாக்கா ஆய்வு செஞ்சாங்க. கோப்புல தரிசுன்னு எழுதின நிலத்துல சீமைக்கருவேலம் நின்னது. அதை வெட்டி விறகா, கரியா வித்துப் பிழைச்சவங்க இருந்தாங்க. வீட்டு அடுப்பும் தொழிற்சாலை அடுப்பும் அதுல எரிஞ்சது. பாக்காவும் ராபர்ட் பெய்லிஸும் கணக்குப் போட்டப்போ, காட்டாமணக்கு டீசலைவிட இந்தச் சீமைக்கருவேலம் 2.5லிருந்து 10.3 மடங்கு வரைக்கும் அதிகப் பயனுள்ள ஆற்றலைக் கொடுத்தது. சீமைக்கருவேலத்தை நான் புகழ வரல, அது நிலத்தடி நீரை என்ன பண்ணுதுங்கிறது தனிக் கதை. ஆனா சும்மா கிடக்குதுன்னு அரசு நினைச்ச நிலம் ஏற்கனவே எரிபொருள் கொடுத்துக்கிட்டுதான் இருந்தது.

சரி, எத்தனால் மட்டும் எப்படி ஜெயிச்சது? அதுவும் 2003ல 5 சதவீத இலக்கோட ஆரம்பிச்சுத் திணறின திட்டம்தான். 2013-14ல கலப்பு ஒன்றரை சதவீதம். 2014 டிசம்பர்ல அரசே கொள்முதல் விலையை நிர்ணயிக்க ஆரம்பிச்சது. 2018ல மொலாசஸ் வகைக்கு ஏத்த மாதிரி, கரும்புச் சாறுக்குத் தனியா விலை வெச்சாங்க. ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமாச்சு. டிஸ்டில்லரி கட்ட வட்டி மானியம் வந்தது. 2022-23ல கலப்பு 12 சதவீதம். மூலப்பொருள் ஆலை வாசல்லயே இருந்தது, செலவுக்கு மேல விலை கிடைச்சது, ஆலைகளுக்கு டெல்லியில பேச ஆளும் இருந்தாங்க. காட்டாமணக்கு போட்டவருக்கு இதுல ஒண்ணுமே இல்ல. எத்தனாலுக்கும் ஒரு பில் இருக்கு: கரும்பு குடிக்கிற தண்ணி, மக்காச்சோளம் திரும்பிப் போறதால ஏறுதுன்னு கோழிப்பண்ணைக்காரங்க சொல்ற தீவன விலை.

2018 தேசியக் கொள்கை பயோடீசல் இலக்கை 2030க்குள்ள 5 சதவீதம்னு இறக்கிடுச்சு. இப்போ கவனம் பலகாரக் கடையில மிஞ்சுற எண்ணெய் மேல. 2021ல, கலப்புக்குத் தர்ற பயோடீசலுக்கு ஜிஎஸ்டியும் 12லிருந்து 5 ஆச்சு. நல்ல விஷயம்தான்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு செடியை அரசாங்கம் 'தரிசுத் தங்கம்'னு சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. வயல்ல எத்தனை கிலோ காய்ச்சதுன்னு யார் அளந்தாங்க? வாங்குற விலை செலவைத் தாண்டுதா? காய்க்கலைன்னா யார் கடன் கட்டணும்? மூணாவதுக்கு மானிய அறிவிப்புல பதில் இல்லைன்னா, கடனைக் கட்டப்போறது நட்டவர்தான்.

உங்க ஊர்ல யாராவது காட்டாமணக்கு நட்டிருந்தாங்கன்னா எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.