பிரிக்பீல்ட்ஸ்

பிரிக்பீல்ட்ஸ், மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் மையப் பகுதியை அடுத்து, கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள பழைய குடியிருப்பு, வணிகப் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகருக்குச் செங்கல் சுட்டுத் தந்த இடமாகத் தொடங்கி, பின்னர் மலாயா ரயில்வேயின் பெரும் பணிமனையாகவும், அதன் ஊழியர் வாழ்ந்த ஊராகவும் வளர்ந்தது. நாட்டின் முதன்மைப் போக்குவரத்து நிலையமான கே.எல். சென்ட்ரல் இன்று அந்தப் பழைய ரயில்வே நிலத்தில்தான் நிற்கிறது. இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர், சிங்களவர், மலையாளிகள், சீனர் ஆகியோரின் கோயில்களும் பள்ளிகளும் சங்கங்களும் சில தெருக்களுக்குள் நெருங்கி அமைந்திருப்பது இப்பகுதியின் தனித்தன்மை. 2010 முதல் இது கோலாலம்பூரின் ‘லிட்டில் இந்தியா’.

பெயரும் அமைவிடமும்

செங்கல் சூளைகள் இருந்த வெளி என்பதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் இது. மலாய்க்காரரும் தமிழரும் அதை அப்படியே வழங்குகின்றனர். சீனர் மட்டும் ‘பதினைந்தாம் கல்’ என்று பொருள்படும் வேறொரு பெயரால் அழைக்கின்றனர். முதன்மைச் சாலையான ஜாலான் துன் சம்பந்தன் முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்டது. ஜாலான் டிராவர்ஸ், ஜாலான் ஸ்காட், ஜாலான் பெர்ஹாலா, ஜாலான் தம்பிப்பிள்ளை, ஜாலான் சான் ஆ தோங், ஜாலான் ரொசாரியோ ஆகியவை பிற முக்கியத் தெருக்கள். ஆங்கிலேய அதிகாரியும் தமிழரும் சீனரும் அடுத்தடுத்த தெருப் பெயர்களில் இடம்பெறுவதே இங்கு யார் யார் கூடி வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று.

செங்கல் காலம்

1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியபோது அது ஈயச் சுரங்கத் தொழிலாளரின் நெரிசலான ஊர். மரத்தாலும் மண்ணாலும் எழுப்பி, அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகளே எங்கும் இருந்தன. 1881 ஜனவரியில் பரவிய தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளம், மீண்டும் கட்டியவற்றையும் கரைத்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ஆங்கிலேய ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி கட்டடங்கள் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்டிருக்க வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தினார்.

விதி வந்ததும் செங்கல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது. சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய், ஆற்றையொட்டிக் களிமண் கிடைத்த இந்த நிலத்தில் சூளைகளை நிறுவினார். சூளைக்கு வேண்டிய மண்ணும் நீரும் விறகும் அருகிலேயே கிடைத்தன. நகரின் கடைத்தெருவுக்குக் கல்லை வண்டியில் ஏற்றிச் செல்லும் தொலைவுக்குள்ளும், சூளைப் புகையும் நெருப்பும் நகரைத் தீண்டாத தொலைவிலும் இந்நிலம் இருந்தது. மண்ணை வெட்டி, நீர்விட்டு மிதித்துப் பதப்படுத்தி, அச்சில் அறுத்து, பச்சைக் கல்லை உலர்த்தி, அடுக்கிச் சுடும் வேலை முழுவதும் கைவேலை. ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாட்டில் பச்சைக் கல்லை நனையாமல் உலர்த்துவதே அதில் கடினமான பகுதி.

யாப் ஆ லோய் 1885இல் இறந்தார், கட்டுமானம் நிற்கவில்லை. 1894க்கும் 1897க்கும் இடையே எழுந்த அரசுச் செயலகம், இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், ஒன்றுக்கு மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் செங்கற்கள் செலவானதாகக் கணக்கு உண்டு. தீப்பிடிக்கும் ஓலை ஊர் இருபது ஆண்டுக்குள் கல் நகரமாக மாறியது. நகரம் விரிந்தபின் நிலத்தின் மதிப்பு உயர்ந்து, சூளைகள் இடம்பெயர்ந்தன. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ரயில் காலம்

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுத் துறையையும் இணைக்கும் ரயில்பாதை 1886இல் திறக்கப்பட்டது. ஈயம் கடலுக்குப் போகவும், அரிசியும் ஆட்களும் நகருக்கு வரவும் இதுவே வழியாயிற்று. பாதை பிரிக்பீல்ட்ஸை ஒட்டிச் சென்றதால், சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டும் பணிமனைகளும் இங்கே பெருகின. 1901இல் மாநிலங்களின் ரயில்வேக்கள் ஒன்றிணைந்து கூட்டரசு மலாய் மாநில ரயில்வே உருவானபோது அதன் முதல் பொது மேலாளரானவர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கைப் பொதுப்பணித் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1891இல் சிலாங்கூருக்குப் பொறியாளராக வந்தவர். செயலகக் கட்டடப் பணியிலும் பங்கு வகித்தவர்.

இலங்கை அனுபவம் ஸ்பூனருக்கு ஆள் எடுக்கும் வழியையும் காட்டியது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் கிராணி எனப்பட்ட எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் கணக்கர்களாகவும் மலாயாவுக்குக் கப்பலேறினர். தண்டவாளம் போடவும், பாதையைப் பராமரிக்கவும், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடவும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். ஒரே மொழி பேசிய இவ்விரு பிரிவினருக்கும் இடையே சம்பளத்திலும் சமூக நிலையிலும் பெரிய இடைவெளி இருந்தது. பதவிக்கு ஏற்ப வீடு ஒதுக்கும் ரயில்வே வழக்கம் அந்த இடைவெளியைத் தெருக்களிலும் பதித்தது.

இவ்வகைக் குடியிருப்புகளில் பெயர் பெற்றது ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பகுதியில் இருந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடைநிலை அரசு ஊழியருக்கும் ரயில்வே ஊழியருக்கும் கட்டப்பட்ட வரிசை வீடுகள் அவை. தலைமுறைகள் அங்கே பிறந்து வளர்ந்தன. ஆயினும் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றவர் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே வேலையில் சேர்ந்தால்தான் குடும்பம் அந்தத் தெருவில் தொடரலாம். பிரிக்பீல்ட்ஸின் பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாடு முக்கியம். ஊரை உருவாக்கியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஊரில் சொந்த நிலம் கிடையாது.

கோயில்களும் அமைப்புகளும்

வீடு சொந்தமில்லாத சமூகங்கள் பொதுவில் சேர்ந்து இடம் வாங்கின, அல்லது அரசிடம் கேட்டுப் பெற்றன. அப்படி எழுந்தவைதான் இன்றும் நிலைத்திருப்பவை. சிங்களவர் 1894இல் சாசன அபிவிருத்தி வர்த்தன சங்கத்தை அமைத்து, ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரையை நிறுவினர். 1952இல் இலங்கையிலிருந்து வந்த கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் 2006இல் இறக்கும்வரை இதன் தலைமைப் பிக்குவாக இருந்தார். சிங்களவருக்காகத் தொடங்கிய விகாரை அவர் காலத்தில் சீன பௌத்தர்களையும் பெருமளவில் ஈர்த்தது. விசாக நாளில் இங்கிருந்து புறப்படும் ஊர்வலம் நகரின் பெரிய விழாக்களுள் ஒன்று.

ஜாலான் ஸ்காட்டில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சைவர்கள் எழுப்பியது. வழிபாடும் திருவிழாவும் யாழ்ப்பாண மரபில் நடக்கின்றன. விவேகானந்தர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1904இல், அவர் நினைவாக விவேகானந்தா ஆசிரமம் கட்டப்பட்டது. இதிலும் யாழ்ப்பாணத் தமிழரின் பங்கு பெரிது. ஆசிரமம் வழிபாட்டைவிடக் கல்வியில் கவனம் செலுத்தியது. அதன் பெயரில் பள்ளிகள் இயங்கின. பிள்ளையார் கோயிலும் அனுமன், கிருஷ்ணன் கோயில்களும், தமிழ் லூத்தரன் சபையின் சீயோன் தேவாலயமும், சீனக் கோயில்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. இசை, நடனப் பயிற்சிக்காக 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் மையமும் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கிறது.

போர்க்காலம்

1942இல் ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தபின் ரயில்வே அவர்கள் கைக்குப் போனது. சயாம் - பர்மா ரயில்பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழ்த் தொழிலாளரே பெரும்பகுதி. காலராவாலும் பட்டினியாலும் அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். போரின் இறுதியில் ரயில்வே நேச நாட்டு விமானங்களுக்கு இலக்காயிற்று. 1945 மார்ச் மாதம் யார்டைக் குறிவைத்து வந்த குண்டுகள் அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தைச் சிதைத்தன. அந்த இடத்தில் 1963இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பார்வையற்றோர்

பிரிக்பீல்ட்ஸின் அன்றாட வாழ்வில் பார்வையற்றோருக்குத் தனி இடம் உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் பயிற்சி மையமும் இங்கே அமைந்ததால், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் இங்கேயே தங்கித் தொழில் செய்தனர். பார்வையற்றோர் நடத்தும் உடம்பு பிடிக்கும் நிலையங்கள், அதாவது மசாஜ் கடைகள், இப்பகுதிக்கே உரிய அடையாளம். நடைபாதைகளில் கைத்தடிக்கு வழிகாட்டும் மேடிட்ட ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள்களும் பரப்பப்படும் கடைப் பொருள்களும் அவர்களின் நெடுநாள் குறை.

கே.எல். சென்ட்ரல்

1990களில் யார்டு இருந்த ஏறத்தாழ 72 ஏக்கர் நிலம் புதிய நகர்ப்புறத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் வடிவமைப்பில் கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. நெடுந்தொலைவு ரயில், கொமுட்டர், எல்.ஆர்.டி., விமான நிலைய விரைவு ரயில் ஆகியவை இங்கே சந்திக்கின்றன. 1910இல் கட்டப்பட்ட பழைய கோலாலம்பூர் நிலையம் தன் முதன்மையை இழந்தது. 2003இல் திறக்கப்பட்ட மோனோரயில் ஜாலான் துன் சம்பந்தனின் தலைக்குமேல் ஓடுகிறது.

நிலையத்தைச் சுற்றி ஓட்டல்களும் அலுவலகக் கோபுரங்களும் எழுந்தன. நில விலை ஏறியதும் பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகள் அடுத்தடுத்து காலி செய்யப்பட்டன. நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளும் இடிபட்டு உயர்மாடித் திட்டங்களுக்கு வழிவிட்டன. அரசு வீட்டில் வாடகையாளராக இருந்தவர்கள் புறநகர்களுக்குச் சென்றனர். வார நாளில் ரயிலேறி இறங்குவோரும் அலுவலக ஊழியரும், வெள்ளியும் ஞாயிறும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் திரும்பி வரும் பழைய குடும்பங்களுமே இன்றைய கூட்டம்.

லிட்டில் இந்தியா

2010 அக்டோபர் 27 அன்று மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் இப்பகுதியை லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்தனர். வண்ண வளைவுகளும் யானைச் சிலைகள் கொண்ட நீரூற்றும் அமைக்கப்பட்டன. சாலைகள் ஒருவழிப் பாதையாக்கப்பட்டன. சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் போன்ற தோரண வாயில், இந்தியாவின் அன்பளிப்பு, 2015 நவம்பரில் பிரதமர் நரேந்திர மோடி முன்னிலையில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நகரின் இந்திய வணிகம் மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங் பகுதிகளுடன்தான் சேர்த்துப் பேசப்பட்டது.

புடைவைக் கடைகள், நகைக் கடைகள், பூமாலை கட்டும் ஒட்டுக்கடைகள், மளிகைக் கடைகள், வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் முதன்மைச் சாலையை நிறைக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சாலையோரம் கூடாரச் சந்தை கூடுகிறது. முறுக்கும் அகல்விளக்கும் பஞ்சாபி உடையும் வாங்க எல்லா இனத்தாரும் வருகின்றனர். இந்த அலங்காரம் வணிகத்துக்கு உதவினாலும், சிங்களவரும் சீனரும் சேர்ந்து வாழ்ந்த ஊரை ஒற்றை அடையாளத்துக்குள் சுருக்கியது என்ற விமர்சனமும் உண்டு.

நில உரிமையும் மரபும்

முதன்மைச் சாலைக்குப் பெயர் தந்த துன் வீ. தி. சம்பந்தன் (1919–1979), மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) ஐந்தாவது தலைவர், விடுதலை மலாயாவின் அமைச்சர். பெரிய தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டு, தொழிலாளர் வேலையையும் லயன் எனப்பட்ட தோட்ட வரிசை வீட்டையும் ஒருசேர இழந்தபோது, அவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறு தொகை சேர்த்துத் தோட்டங்களைத் தாமே வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தோட்டத்தில் லயன் வீட்டுக்கும் நகரத்தில் குவார்ட்டர்ஸுக்கும் ஒரே பலவீனம்தான் இருந்தது; வேலை போனால் கூரையும் போகும்.

சமூகத்துக்குச் சொந்தமான இடத்துக்கும் வேலையோடு ஒட்டிய வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரிக்பீல்ட்ஸில் நேரடியாகக் காணலாம். 2014இல் விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வெளியானபோது பொதுமக்கள் எதிர்த்தனர். கையெழுத்து இயக்கம் நடந்தது. 2016இல் ஆசிரமம் தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம் அதற்குத் துணையாக இருந்தது. அதே காலகட்டத்தில் காலியான ரயில்வே வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அறக்கட்டளையும் சங்கமும் பொறுப்பேற்ற கட்டடங்கள் நின்றன. துறை ஒதுக்கிய வீடுகள் துறையின் முடிவோடு போயின. செங்கல்லும் தண்டவாளமும் தந்து கோலாலம்பூரை எழுப்பிய தெருக்களில், அந்த உழைப்பாளர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாடிக்கையாளராகவும் பக்தராகவும் வருகின்றனர். குடியிருப்பவராக இருப்பவர் சிலரே.